‘எதுவானாலும் கொடுங்கள்’ என்று இனி அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்காவது வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்றால் மறுநாளே உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் வந்துவிடுகிறது: "பாதிக்கப்பட்டோருக்குத் துணி, உணவு, மருந்து, எதுவானாலும் கொடுங்கள்." நல்ல மனதோடுதான் அச்சிடுகிறீர்கள், தெரியும். ஆனால் அந்த வரியின் பலனை லாரியில் ஏற்றி, இறக்கி, பிரித்து, கடைசியில் குப்பையில் கொட்டுகிறவர்களின் பக்கத்திலிருந்து இதை எழுதுகிறோம். அந்த வரியை நிறுத்திவிட்டு வேறு சிலவற்றை அச்சிடுங்கள் என்று கேட்பதற்கே இக்கடிதம்.

இராமநாதபுரம் கடலோரத்துக்கு அயல்நாட்டுத் துயரம் தொலைவில் இருக்கும் சமாச்சாரம் அல்ல. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், இலங்கையின் வடபகுதியைக் கடந்துதான் இங்கே வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையை நிலச்சரிவும் வெள்ளமுமாகப் புரட்டிப் போட்டுவிட்டு நம் கரைப் பக்கம் திரும்பியது. இடையில் 2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது குடும்பம் குடும்பமாக மணல் திட்டுகளில் வந்து இறங்கினார்கள். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே இந்தக் கரைக்கு வாடிக்கை. அதனால்தான் தவறாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் இங்கே சீக்கிரம் தெரிகிறது.

முதலில் பழைய துணி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலைமலையாகக் கிடந்தது ஊரறிந்த செய்தி. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. வீடு போனவருக்கு மானமும் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது கொடுத்தவர்களின் தவறு. மானத்தை விட்டுவிட்டு வேலைக் கணக்கு மட்டும் பார்த்தாலும் பழைய துணி நட்டம்தான். ஆண், பெண், குழந்தை, அளவு என்று கலந்து கட்டிய மூட்டையை அவிழ்த்துப் பிரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் அன்றைக்குச் சமையலிலோ தண்ணீர்த் தொட்டியிலோ நிற்க வேண்டியவர். மழையில் நனைந்த மூட்டை சில நாளிலேயே பூஞ்சை பிடித்து, பக்கத்தில் அடுக்கியிருக்கும் நல்ல போர்வையையும் கெடுக்கும். பாம்பன் தீவுக்கு இருப்பது ஒரே சாலைப் பாலம். அதில் துணி லாரி மாட்டிக்கொண்டால் ஜெனரேட்டர் ஏற்றிய லாரி அதன் பின்னால்தான் நிற்கும்.

துணி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் புதிதாக வாங்குங்கள்: உள்ளாடை, கைலி, நைட்டி, துண்டு, அளவு வாரியாகக் கட்டி, கட்டின் மேல் அளவை எழுதி. இதிலும் இடம் பார்க்க வேண்டும். டிட்வாவில் அடிபட்ட பதுளை, நுவரெலியா, கண்டி எல்லாம் மலை. அங்கே கம்பளி முதல் தேவை. அதே கம்பளியை மன்னார்க் கரைக்கு அனுப்பினால் சுமை.

அடுத்தது தண்ணீர். தவறும் இதில்தான் அதிகம், மிச்சப்படுத்தவும் இதில்தான் வழி உண்டு. 1997இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் சேர்ந்து தொடங்கிய ‘ஸ்பியர்’ என்ற அளவுக்கோவை உலகெங்கும் நிவாரண முகாம்களில் பயன்படுகிறது. அதன்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்துக் குறைந்தது 15 லிட்டர். 250 பேருக்கு ஒரு குழாய். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. தங்கும் இடம் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தையோ திருமண மண்டபத்தையோ இதை வைத்து அளந்து பாருங்கள். நாற்பதுக்கு இருபது அடிக் கூடத்தில் 21 பேர்தான் முறையாகத் தங்கலாம். புயல் இரவில் அதில் நூறு பேரை அடைப்பது தவிர்க்க முடியாதது, ஓர் இரவுக்குச் சரி. ஒரு வாரத்துக்கு அதே நூறு பேர் இருந்தால் வயிற்றுப்போக்கும் சிரங்கும் வரிசை கட்டும்.

இப்போது பத்து டன் லாரி நிறையத் தண்ணீர் பாட்டில் அனுப்புகிறோம் என்று வையுங்கள். பத்தாயிரம் லிட்டர். ஆளுக்கு 15 லிட்டர் வீதம் 666 பேருக்கு ஒரு நாள் வரும், மறுநாள் வெறும் பிளாஸ்டிக். ஒரு 25 கிலோ மூட்டை நல்ல பிளீச்சிங் பவுடர் என்ன செய்யும்? 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடரில் 2.5 கிராம், தெளிந்த தண்ணீர் ஆயிரம் லிட்டருக்குப் போதும். அப்படியானால் ஒரு மூட்டை ஒரு கோடி லிட்டருக்கு வரும். தண்ணீர் அங்கேயே இருக்கிறது, சுத்தம்தான் இல்லை என்ற நிலை வெள்ளத்தில் பெரும்பாலும் உண்மை. பாட்டில் முதல் ஒன்றிரண்டு நாளுக்கு, சாலை துண்டான இடத்துக்கு, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் போதும்.

பவுடர் என்றதும் கிணற்றில் அள்ளிக் கொட்டுகிறார்கள். அது முறையல்ல. கிணற்று நீரைக் கணக்கிட, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீர் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். மூன்று மீட்டர் விட்டம், இரண்டு மீட்டர் நீர் என்றால் 14 கன மீட்டர், அதாவது 14,000 லிட்டர். பவுடர் 35 கிராம். அதை வாளியில் கொஞ்சம் நீர் விட்டுப் பசையாகக் குழைத்து, முக்கால் வாளிக்கு நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் வடித்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் தண்ணீர் கடினமாகும். ஒரு மணி நேரம் கழித்து, குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் சோதித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மீதக் குளோரின் காட்டினால் குடிக்கலாம். காட்டாவிட்டால் தண்ணீரில் அழுக்கு அதிகம், அல்லது பவுடர் செத்த பவுடர். திறந்து வைத்த மூட்டை காற்றிலும் வெயிலிலும் வாரக்கணக்கில் வீரியம் இழக்கும், பல ஊராட்சிக் கிட்டங்கிகளில் இருப்பது அதுதான். கலங்கல் நீரில் குளோரின் வேலை செய்யாது. முதலில் படிகாரம் போட்டுத் தெளிய வைக்க வேண்டும்.

பவுடர் கடல் கடந்து போக வேண்டுமானால் இன்னொரு சிக்கல். அது அபாயச் சரக்கு, எண்ணெயோடும் துணியோடும் ஒரே பெட்டியில் ஏற்றினால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. அங்கேயே வாங்கச் சொல்லிப் பணம் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம்.

நம் கரைக்கு முக்கியமான இன்னொன்று: கடல் ஏறிய கிணற்றில் உப்பை எடுக்கக் குளோரினால் முடியாது. மோட்டார் வைத்து இறைத்து இறைத்து எடுத்துவிடலாம் என்று 2004 சுனாமிக்குப் பின் கிழக்கிலங்கையில் செய்து பார்த்தார்கள். பல இடங்களில் நிலைமை மோசமாயிற்று. மணல் பூமியில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. வேகமாக இறைத்தால் நன்னீர் தீர்ந்து அடியிலிருந்து உப்பு ஏறும், கிணற்றுச் சுவரும் சரியும். ஊற்றுத் தோண்டி, ஊறும் அளவுக்கு மட்டும் சிரட்டையால் கோரி எடுக்கும் நம் பெண்களுக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. மோட்டாரோடு வரும் உதவிக் குழுக்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குப்பையையும் சேற்றையும் அள்ளிவிட்டு, மெதுவாக ஒரு தடவை இறைத்து, மழைக்கு விட்டுவிடுவதே வழி. மழை வரும்வரை டேங்கர் தண்ணீர்.

உணவுக்கு வருவோம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏழு நாள் கணக்கு: அரிசி ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் என்று 14 கிலோ, பருப்பு 60 கிராம் என்று 2.1 கிலோ, எண்ணெய் 25 கிராம் என்று சுமார் ஒரு லிட்டர், உப்பு கால் கிலோ. இதோடு வெல்லமோ பொரிகடலையோ நாளைக்கு ஆளுக்கு 50 கிராம் சேர்த்தால் ஒருவருக்குத் தேவையான 2,100 கலோரியை ஒட்டி வரும். அடுப்பு, பாத்திரம், விறகு இல்லாதவருக்கு 14 கிலோ அரிசி கொடுத்து என்ன பயன் என்று யாரும் கேட்பதில்லை. முதல் மூன்று நாள் பொதுச் சமையல், அதன் பிறகே உலர் பொருள். இலங்கை மலையகத் தோட்டக் குடும்பங்களில் கோதுமை மா ரொட்டி அன்றாட உணவு. அங்கே அரிசியோடு மாவும் போக வேண்டும்.

கட்டுவதில் நடக்கும் தவறுகள் சில. எண்ணெயைப் பாக்கெட்டாகப் போட்டு மேலே அரிசி மூட்டையை அடுக்கினால் இராமநாதபுரம் தாண்டுவதற்குள் பாக்கெட் வெடித்து அரிசி வீணாகும். டின்னில்தான் போக வேண்டும். சோப்பையும் அரிசியையும் ஒரே பெட்டியில் வைத்தால் சோறு சோப்பாக மணக்கும். ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்டக் கூடாது, ஒரு ஆள் தூக்க வேண்டும், பாதி இடங்களில் தலைச்சுமையாகத்தான் போகும். ஒரு பெட்டிக்குள் ஒரே வகைப் பொருள். உணவுக்குச் சிவப்பு, துணிக்கும் வீட்டுச் சாமானுக்கும் நீலம், மருந்துக்குப் பச்சை என்று நிறப்பட்டை ஒட்டும் வழக்கம் உலகம் முழுவதும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத சுமைதூக்குபவரும் பிரித்துவிடுவார். உள்ளே என்ன, எத்தனை, காலாவதி எப்போது என்பது இரண்டு பக்கமும் வெளியில் தெரிய வேண்டும். இலங்கைக்குப் போவது என்றால் சிங்களத்திலும் தமிழிலும். நன்கொடையாளர் படத்துக்கு ஒதுக்கும் இடத்தில் இதை எழுதலாம்.

தார்ப்பாய் வாங்குகிறவர்கள் மலிவு விலை மெல்லிய நீலப் பாயை வாங்கிவிடுகிறார்கள். வாடைக்காற்றில் அது இரண்டு இரவு தாங்காது. நான்குக்கு ஆறு மீட்டர், எடை நாலரைக் கிலோ அளவு, ஓரம் மடித்துத் தைத்துக் கண்ணி அடித்தது என்று கேட்டு வாங்குங்கள். எடைபோட்டுப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு, கூடவே கயிறு 30 மீட்டர். கயிறு இல்லாத தார்ப்பாய் அரை உதவி.

குழந்தைகளுக்கான பால் பவுடர் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். சுத்தமான தண்ணீரும் கொதிக்க வைக்க அடுப்பும் இல்லாத முகாமில் புட்டிப்பால் கைக்குழந்தைக்கு எமன். அதோடு, தாய்க்குப் பால் வற்றிவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் முடிவு கட்டிப் புட்டியைக் கையில் கொடுத்தால் உண்மையிலேயே வற்றும். இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்களையும் புட்டிகளையும் இலவசமாக வழங்குவதைத் தடைசெய்கிறது, அனாதை இல்லங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தாய்க்குச் சாப்பாடும், திரை கட்டிய ஒரு மூலையும், தண்ணீரும் கொடுங்கள். தாயை இழந்த குழந்தைக்கு என்ன என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் சிறந்த சரக்கு. இலேசானது, கெடாது. 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து. ஆகவே பொட்டலத்தோடு லிட்டர் கோடு போட்ட குவளையும் போகட்டும். பொட்டலம் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை நாளைக்கு 20 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள், வயிற்றுப்போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது.

மற்ற மருந்துகளை வீட்டு அலமாரியிலிருந்து அள்ளிக் கொடுக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்குச் சுமார் 4,000 டன் மருந்து குவிந்தது. பெரும்பகுதியின் மேலுறை அங்குள்ளவர்கள் படிக்க முடியாத மொழியில் இருந்தது. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியதாயிற்று, அழிக்கவும் பணம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை எளிது: கேட்டதை மட்டும் அனுப்பு, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்கட்டும், நோயாளியிடமிருந்து திரும்பிய மாத்திரை கூடாது.

ஆகப் பெரும்பாலும் பணமே மேல் என்றாகிறது. கொழும்பிலும் கண்டியிலும் கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்கினால் அந்த ஊர் வியாபாரியும் எழுவார், கப்பல் கூலியும் மிச்சம். ஆனால் பணம் அனுப்புவதில் நம் ஊர்ச் சங்கங்களும் ஜமாஅத்துகளும் தேவாலயப் பங்குகளும் சட்டத்தில் மாட்டிக்கொள்கின்றன. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்களுக்கு வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நிவாரணப் பணம் வருகிறது. அயல்நாட்டில் வேலை செய்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே குடும்பத்தில் மலேசியக் குடியுரிமை வாங்கிய அண்ணன் அனுப்பினால் ஆகும். அதைப் பெற 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவும், தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்றே ஒரு கணக்கும் வேண்டும். பதிவு இல்லாத அறக்கட்டளை நல்ல காரியத்துக்கு என்று வாங்கினாலும் குற்றம் குற்றமே. இங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அப்படித்தான். அறக்கட்டளை தன் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால் பொதுவாக வரிவிலக்கு கிடைக்காது, மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். தனிநபர் தன் வங்கி வழியாக நன்கொடை அனுப்பலாம். சின்னச் சங்கங்கள் இந்தத் தலைவலிக்குள் போகாமல் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கோ இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ கொடுத்துவிடுவது நல்லது. வரிச்சலுகை வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காமல் காசோலை அல்லது வங்கி வழியில் கொடுக்கவும்.

"நம்ம படகிலேயே ஏத்திக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடலாமே" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கண்ணுக்கெட்டும் தூரம், கேட்பது நியாயம்தான். ஆனால் 1974, 1976 ஒப்பந்தங்கள் கிழித்த கடல் எல்லையைத் தனிப் படகு தாண்டினால், உள்ளே அரிசி இருக்கிறதா மீன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். படகு பறிபோகும், ஆள் சிறைக்குப் போவார், மீட்கும் பேச்சுவார்த்தையில் இரண்டு அரசுகளின் நேரமும் போகும். அரசு வழிதான் வழி. 2022இல் தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் பவுடரும் மருந்துகளும் தருவதாக அறிவித்து, மத்திய அரசின் இசைவோடு கப்பலில் அனுப்பியது. அந்தப் பால் பவுடர் அரசுகளுக்கிடையே முறைப்படி போனது. நாம் முகாமில் கைக்குழந்தைக்குக் கொடுப்பதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படகுத் திறமைக்கு வேலை இல்லாமல் இல்லை. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். அந்த மாதிரி அழைப்பு இங்கே வந்தால் எதை ஏற்றுவது? கனத்த வல்லம் வேண்டாம், சின்ன ஃபைபர் படகு. தெருவெள்ளத்தில் எஞ்சின் விசிறி மதில் சுவரிலும் மின்கம்பியிலும் அடிபடும். துடுப்பும் நீளக் கழியும் அவசியம், எஞ்சினைத் தூக்கி வைத்துக் கழி ஊன்றியே பாதி தூரம் போக வேண்டியிருக்கும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்று கேட்காமல் தெருவுக்குள் படகை விடக் கூடாது. ஏற்றுபவர் எண்ணிக்கைக்கு மிதவை அங்கி. அழைக்காமல் கிளம்ப வேண்டாம். சாப்பாடும் டீசலும் தங்க இடமும் தேடும் தன்னார்வலர் அங்குள்ளவர்களுக்கு இன்னொரு வாய்.

இனி நம் கரையில் வந்து இறங்குகிறவர்கள். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. படகில் வருகிறவர் முதலில் 2025ஆம் ஆண்டு குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டத்தின் கீழ்தான் பார்க்கப்படுவார், பிறகே மண்டபம் முகாம். (அதே மண்டபம்தான் வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளிகளைத் தடுத்து வைத்துச் சோதித்த முகாம். அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பதுளைச் சரிவுகளில் நிற்கிறார்கள்.) அவர்களை வீட்டில் ஒளித்து வைப்பது அவர்களுக்கே கேடு, பதிவு தாமதமானால் சந்தேகம் ஏறும். மணல் திட்டில் ஆள் நிற்பதைக் கண்ட மீனவர் உடனே கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 எண்களில் சொல்லலாம். திட்டில் குடிநீர் கிடையாது, நிழல் கிடையாது. உச்சி வெயிலுக்குள் ஆள் போய்ச் சேர வேண்டும். கடலில் தத்தளிப்பவரை ஏற்றினால் வழக்கு வருமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உயிராபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது 1982 ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவு சொல்லும் கடமை, இந்தியா 1995இல் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றிய இடம், நேரம், ஜி.பி.எஸ். எண் மூன்றையும் குறித்து, வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டால் போதும்.

கரையேறியவருக்குத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் கொடுக்காமல் உப்புச் சர்க்கரைக் கரைசலாக, வாய் வாயாக. உலர்ந்த துணி. பெண்களுக்கு மறைவிடம். பிறகு ஒரு வேண்டுகோள், உங்கள் நிருபர்களுக்கும் சேர்த்து: முகம் தெரியும் படத்தைப் போடாதீர்கள். அக்கரையில் விட்டுவந்த தாய் தகப்பனுக்கு அது வினையாகலாம்.

இறந்தவர்களைப் பற்றி ஒரு பத்தி போதும். பேரிடரில் இறந்த உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. அவசர அவசரமாகக் குழிக்குள் மொத்தமாகத் தள்ளியதால் தன் மகன் எங்கே என்று தெரியாமல் போன தாய்மார்கள் எல்லா நாட்டுக் கரைகளிலும் இருக்கிறார்கள். முகம், உடை, மச்சம், நகை ஆகியவற்றைப் படமெடுத்து, ஒவ்வோர் உடலுக்கும் எண் கட்டி, தனித்தனியே, எந்த எண் எங்கே என்று குறித்து அடக்கம் செய்யலாம். உடல் குடிநீர்க் கிணற்றில் கிடந்தால் மட்டும் அந்தக் கிணற்றை மூட வேண்டும். கையுறையும் சோப்பும் போதும்.

கொடுப்பது மட்டும்தான் உலகத்தோடு நமக்குள்ள உறவு என்று நினைப்பதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். 1970 நவம்பர்ப் புயலில் இன்றைய வங்கதேசக் கரையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2007இல் சித்ர் என்ற கடும்புயல் அதே கரையைத் தாக்கியபோது இறந்தவர் சுமார் 3,400. அந்த நாடு பணக்கார நாடாகிவிடவில்லை. 1972இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்கள். எத்தனை எச்சரிக்கைக் கொடி ஏறினால் யார் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே பிரித்துத் தரப்பட்டிருக்கிறது. பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அது செய்தியாக எல்லா நாளிதழிலும் வருகிறது. மூன்றும் நான்கும் துறைமுகப் பகுதியில் பலத்த காற்றுக்கான எச்சரிக்கை, ஐந்து முதல் ஏழு வரை அபாயம், எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம், பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ஐந்து ஏறியதும் மாற்றுத்திறனாளி இருக்கும் வீட்டுக்கு யார் போவது என்று கேட்டால் எந்தத் தெருவிலும் பதில் இல்லை. மாவட்ட ஆட்சியரகத்தின் 1077ஐ அழைக்கலாம்தான், ஆனால் அந்த ஒரு எண்ணின் மறுமுனையில் நூறு ஊர்கள் ஒரே நேரத்தில் பேசும்.

எனவே ஆசிரியர் அவர்களே, எங்கள் கோரிக்கை இது. நிவாரண வேண்டுகோள் எதுவாக இருந்தாலும், ஐந்து விவரம் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள்: பொருளைக் கேட்டது பாதிக்கப்பட்ட இடத்தில் உள்ள எந்த அதிகாரி அல்லது அமைப்பு; என்ன பொருள், எத்தனை; எந்தத் தேதிக்குப் பிறகு வேண்டாம்; எந்த வழியாகப் போகிறது, அனுமதி யாருடையது; மிஞ்சினால் என்ன செய்வார்கள். அதன் கீழே ‘இவை வேண்டாம்’ என்று பழைய துணி, பிரித்த மருந்து, குழந்தைப் பால் பவுடர் மூன்றையும் ஒரு வரியில் போடுங்கள். திரட்டியவர்கள் ஒரு மாதம் கழித்து என்ன போய்ச் சேர்ந்தது என்ற கணக்கைத் தந்தால், வேண்டுகோள் வந்த அதே பக்கத்தில் அதே அளவில் அதையும் வெளியிடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் இந்தப் படிவம் உங்கள் மண்டபம், கீழக்கரை, சாயல்குடி நிருபர்கள் கையில் இருந்தால் நல்லது. தேவையானால் நாங்கள் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோரத்தில் நிவாரணப் பணி செய்யும் சிலர்